தப்பும் கிட்டாரும்

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

இசைக்கு உருகாத உள்ளம் இல்லை என்பர் பெரியோர். ஆனால் எந்த இசைக்கு மேடை, எந்த இசைக்குத் தெரு என்ற கேள்வி வரும்போது நம் உள்ளங்கள் அத்துணை எளிதாக உருகிவிடுவதில்லை. கிட்டார் என்றால் நாகரிகம் என்கிறோம். தப்பு என்றால் பட்டிக்காடு என்கிறோம். இரண்டையும் ஒரே மேடையில் ஏற்றலாமா என்று கேட்டால் இரு பக்கமிருந்தும் மறுப்பு எழுகிறது. "நம் நாட்டுப்பாடலை மேனாட்டுக் கருவி கெடுத்துவிடும்" என்பது ஒரு சாரார் வாதம். "கிட்டார் வாசிக்கும் இடத்தில் தப்புக்கு என்ன வேலை?" என்பது மறுசாரார் வாதம். விடுதி அறையிலும் பேருந்து நிலையத் தேநீர்க் கடையிலும், ஆண்டு விழா நெருங்கும் நாட்களில், இவ்விரு வாதங்களையும் பலமுறை கேட்டிருக்கிறேன்.

இவ்விரு சாராருக்கும் உரிய விடை, 1960ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இலங்கையிலும் நம் தமிழகத்திலும் பாடிய சில கலைஞர்களின் வரலாற்றில் இருக்கிறது என்பது என் தாழ்மையான கருத்து. கருவி மாறுவதால் நாட்டுப்பாடல் அழிவதில்லை. அதைப் பாடியவரின் பெயர் மறைக்கப்படும்போதும், பாடுவதற்கு நாம் வெட்கப்படும்போதும்தான் அது அழிகிறது. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பருத்திக் காட்டின் பிள்ளை

ராக் அண்ட் ரோல் என்றவுடன் பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் கூத்து என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமைகளாகவும், 1865இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தபின் குத்தகைக் கூலிகளாகவும் பருத்திக் காட்டில் உழைத்த கறுப்பின மக்களின் வேலைப் பாட்டும், தேவாலயப் பாட்டும், 'புளூஸ்' என்னும் துயரப் பாட்டும் அதன் தாய். மலைநாட்டு வெள்ளை உழவர்களின் பிடில் பாட்டை அதன் தந்தை எனலாம். 1955இல் சக் பெர்ரி என்னும் கறுப்பினக் கலைஞர் 'மேபலின்' என்ற பாட்டை மின்கிட்டாரில் இசைத்துப் புகழ் பெற்றார். அப்பாட்டுக்கு மூலம் 'ஐடா ரெட்' என்னும் பழைய பிடில் பாட்டாகும். அதற்கு ஓராண்டு முன்னர், 1954 ஜூலையில், லாரி ஓட்டிப் பிழைத்த 19 வயது எல்விஸ் பிரெஸ்லி மெம்பிஸ் நகரில் தம் முதல் இசைத்தட்டுக்குப் பாடினார். அவர் பாடியது, ஆர்தர் கிரடப் என்னும் கறுப்பினத் தொழிலாளி 1946இல் பாடிப் பதிவு செய்திருந்த பாட்டு.

இங்கிலாந்தின் கதை இன்னும் நமக்கு நெருக்கமானது. அமெரிக்கச் சிறைக் கைதிகள் பாடிய ஒரு ரயில் பாட்டை 'ராக் ஐலண்ட் லைன்' என்ற பெயரில் லோனி டோனகன் என்னும் இளைஞர் பாட, 1956இல் அது இங்கிலாந்தெங்கும் ஒலித்தது. அதைக் கேட்ட ஏழைப் பிள்ளைகள் ஊருக்கு ஊர் இசைக் குழு தொடங்கினர். கருவி வாங்கக் காசு ஏது? காலித் தேயிலைப் பெட்டியில் ஒரு கழியை நட்டுக் கயிறு கட்டினர். தாழ்சுரக் கருவி கிடைத்தது. துணி துவைக்கும் தகரப் பலகையில் விரலுறை மாட்டித் தேய்த்தனர், தாளம் கிடைத்தது. இத்தகைய குழு ஒன்றைத்தான் துறைமுக நகரமான லிவர்பூலில் ஜான் லெனன் என்ற பள்ளி மாணவர் நடத்தினார். 1957 ஜூலை 6ஆம் நாள் ஒரு தேவாலயத் திருவிழாவில் அக்குழு வாசித்தபோதுதான் பால் மக்கார்ட்னி அவரைச் சந்தித்தார். அக்குழுவே பின்னாளில் பீட்டில்ஸ் ஆயிற்று. நம் ஊர்த் திருவிழாவில் தகர டின்னில் தாளம் தட்டும் சிறுவர்களை இனி ஏளனமாகப் பார்க்க வேண்டாம்!

நியூபோர்ட்டில் எழுந்த கூச்சல்

இனி, "மின்கிட்டார் நாட்டுப்பாடலைக் கெடுத்துவிடும்" என்னும் வாதத்துக்கு வருவோம். இவ்வாதம் நம் ஊரில் பிறந்ததன்று. 1965 ஜூலை 25ஆம் நாள் அமெரிக்காவின் நியூபோர்ட் நகர நாட்டுப்பாடல் விழாவில் இதே வாதம் கூச்சலாகவே வெடித்தது.

அன்று மேடையேறியவர் பாப் டிலன். 1941இல் பிறந்து, ஹிப்பிங் என்னும் இரும்புச் சுரங்க ஊரில் வளர்ந்தவர். பள்ளி நாட்களில் ராக் அண்ட் ரோல் பாடித் திரிந்தவர். பின்னர் வூடி கத்ரி என்னும் மக்கள் பாடகரின் பாடல்களில் மனத்தைப் பறிகொடுத்து, மருத்துவமனையில் இருந்த அவரைக் காண்பதற்கென்றே 1961இல் நியூயார்க் வந்தவர். மரக் கிட்டாரும் வாய் ஆர்மோனியமும் கொண்டு அவர் பாடிய பாட்டுக்கள் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் ஒலித்தன. 1963 ஆகஸ்டு 28இல் மார்ட்டின் லூதர் கிங் உரையாற்றிய வாஷிங்டன் பேரணியிலும் டிலனும் ஜோன் பயஸ் அம்மையாரும் பாடினர். அப்படிப்பட்டவர் நியூபோர்ட்டில் மின்கிட்டாரும் முரசுமாக வந்து நின்றதும் கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சலிட்டது. மின்கிட்டாரின்மேல் வந்த கோபமா, சொற்கள் கேளாதபடி இரைந்த ஒலிபெருக்கியின்மேல் வந்த கோபமா, மூன்றே பாட்டில் இறங்கிவிட்டாரே என்ற கோபமா என்று இன்றும் வாதிடுவோர் உண்டு. மறு ஆண்டு மே மாதம் மான்செஸ்டர் நகரில் ஒருவர் அவரை நோக்கி, கிறித்துவைக் காட்டிக்கொடுத்த யூதாசின் பெயரைச் சொல்லியே கத்தினார்.

கூச்சலிட்டோர் அஞ்சியது நடந்ததா? இல்லை. டிலனுடைய பாட்டு ஒன்றைப் பேர்ட்ஸ் என்னும் குழுவினர் பன்னிரு தந்தி மின்கிட்டாரில் இசைக்க, அது 1965இல் உலகெங்கும் பரவியது. நாட்டுப்புற ராக் என்ற புது வகைக்குப் பெயர் ஏற்பட்டது அப்போதுதான். 1969இல் ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்னும் ஆங்கிலக் குழு, நூலகத்தில் தூங்கிக்கிடந்த நூற்றாண்டுப் பழமையான கதைப்பாடல்களைத் தேடியெடுத்து மின்கருவிகளோடு பாடியது. தாத்தாக்கள் மறந்துவிட்ட பாடல்களைப் பேரன்மார் முணுமுணுக்கத் தொடங்கினர். டிலனுக்கு 2016இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசே கிடைத்தது.

இயற்பியல் மாணவன் என்ற முறையில் ஒன்று கூற விரும்புகிறேன். மின்கிட்டாரில் மந்திரம் ஏதும் இல்லை. எஃகுத் தந்தி அதிர்கிறது. அதன் கீழே காந்தமும் கம்பிச்சுருளும் உள்ளன. அதிர்வினால் காந்தப் பாயம் மாற, சுருளில் மின்னோட்டம் தூண்டப்படுகிறது. 1831இல் ஃபாரடே கண்ட விதிதான் இது. அம்மின்னோட்டத்தைப் பெருக்கி ஒலிபெருக்கியில் விடுகிறார்கள். தப்பிலும் இதே போன்ற அறிவியல் உண்டு. அடிப்பதற்கு முன் வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சுவார்கள். சூட்டில் ஈரம் போய்த் தோல் இறுகும். இழுவிசை கூட, அதிர்வெண் கூடும். ஓசை கணீரென்று எழும். தப்பைத் தீயில் காய்ச்சுவதும் கிட்டாரின் முறுக்காணியைத் திருகுவதும் இயற்பியலில் ஒரே செயல்தான். கருவிகளுக்குள் உயர்வு தாழ்வு இல்லை. அதை ஏற்படுத்தியவர்கள் மனிதர்களே.

இசைத்தட்டில் இல்லாத பெயர்

அப்படியானால் அந்த வரலாற்றில் குற்றமே இல்லையா? உண்டு. அது கருவியில் நிகழ்ந்த குற்றமன்று. கணக்கில் நிகழ்ந்த குற்றம்.

1937இல் ஆலன் லோமாக்ஸ் என்னும் ஆய்வாளர் கெண்டக்கி மாநிலத்தின் மிடில்ஸ்பரோ என்ற ஊருக்கு ஒலிப்பதிவுக் கருவியுடன் சென்றார். அங்கே ஜார்ஜியா டர்னர் என்னும் 16 வயதுப் பெண், சுரங்கத் தொழிலாளியின் மகள், ஒரு துயரப் பாட்டைப் பாடிக் கொடுத்தார். 'ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்' என்ற அப்பாட்டைப் பலர் பாடினர். 1964இல் இங்கிலாந்தின் நியூகாசில் இளைஞர்களான அனிமல்ஸ் குழுவினர் மின்கிட்டாரோடு பாட, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அது முதலிடம் பெற்றது. இசைத்தட்டின்மேல் என்ன அச்சிட்டிருந்தது தெரியுமா? 'மரபுப் பாட்டு' என்றும், இசையமைப்பு என்ற இடத்தில் குழுவினருள் ஒருவர் பெயரும் இருந்தன. கெண்டக்கிப் பெண்ணின் பெயருக்கு அதில் இடமில்லை.

எல்விஸ் பாடிய பாட்டின் ஆசிரியரான கிரடப்புக்குப் பெயர் கிடைத்தது. ஆனால் சேரவேண்டிய பணம் கிடைக்கவில்லை. உலகின் வானொலிகள் தம் பாட்டைப் பாடிக்கொண்டிருந்த காலத்தில் அவர் கூலி வேலை செய்து பிழைத்தார். 1974இல் இறக்கும்வரை உரிய பங்கு அவர் கைக்கு வந்து சேரவில்லை.

மின்கிட்டார் இப்பாட்டுக்களை உலகுக்குக் கொண்டு சென்றது. அதற்காக நன்றி கூறலாம். பாடிக் கொடுத்தவரை வீதியில் விட்டுச் சென்றது; அதை மன்னிக்க இயலாது. இவ்விரண்டையும் பிரித்தறிவதே அறிவுடைமை.

கடலுக்கு அப்பால் துள்ளிசை

"இவையெல்லாம் அயல்நாட்டுக் கதை, தமிழில் ஏது?" என்று கேட்கக்கூடும். தமிழில் இதற்கு முதல் வழி காட்டியவர்கள் நம் கோட்டைப்பட்டினம், மணமேல்குடிக் கடலுக்கு அப்பால் இருப்பவர்கள்தாம்.

போர்த்துக்கீசியர் காலத்தில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் பாட்டிலும், போர்த்துக்கீசியரின் ஆட்டப் பாட்டிலும் பிறந்தது பைலா. துள்ளி வரும் திஸ்ர நடை அதன் உயிர். நம் தப்பாட்டத்தின் பல அடிகளும் திஸ்ர நடையே ஆதலால், பைலாவைக் கேட்டவுடன் நம் கால்கள் தாமாக அசைகின்றன. யாழ்ப்பாணத்து உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் 1960களின் பிற்பகுதியில் இந்நடையில் கிட்டாரை மீட்டித் தமிழில் பாடினார். மாமியிடம் மகளைப் பற்றிக் கேட்கும் 'சின்ன மாமியே' என்ற குறும்புப் பாட்டு அவருடையது. கள்ளுக்கடைக்குப் போகாதே என்று கெஞ்சும் பாட்டும் அவருடையதே. இவ்வகையைத் துள்ளிசை என்றும் பொப்பிசை என்றும் ஈழத்தார் அழைத்தனர். பரமேஸ்–கோணேஸ் சகோதரர்களும் ஏ. ஈ. மனோகரனும் அதை வளர்த்தனர். 'சுராங்கனி' பாடிய மனோகரனைத் தமிழகம் சிலோன் மனோகர் என்று கொண்டாடியது. தமிழ்த் திரைப்படங்களில் நடித்து, 2018 ஜனவரியில் சென்னையில் அவர் காலமானார்.

இதனோடு ஒன்றை ஒப்பிட வேண்டும். அதே காலத்தில் இந்தியப் பெருநகரங்களிலும் கிட்டார்க் குழுக்கள் பல இருந்தன. 1970, 1971ஆம் ஆண்டுகளில் சிம்லா பீட் என்னும் போட்டி நடந்து, வென்றவர்களின் பாட்டுக்கள் இசைத்தட்டுகளாகவும் வந்தன. கைத்திறனில் அவர்கள் குறைந்தவரல்லர். ஆனால் பாடியது பெரும்பாலும் ஆங்கிலத்தில். இன்று அவ்விசைத்தட்டுகள் சேகரிப்பாளரின் அலமாரியில் உள்ளன. இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த எங்கள் பக்கத்துப் பெரியவர்களோ, கிட்டாரைக் கண்ணால் பார்த்திராதவர்கள்கூட, 'சின்ன மாமியே' என்றவுடன் புன்னகைக்கிறார்கள். மாமியும் மகளும் கள்ளுக்கடையும் அவர்கள் அறிந்த உலகம். பாட்டு தன் மக்களின் மொழியில் நின்றால் எந்தக் கருவியும் அதற்கு உறவாகிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

தமிழகத்தில் கண்ட வழி

தமிழகத்திலும் 1960கள் வெறுமனே கழியவில்லை. தூத்துக்குடியில் பிறந்து கொழும்பில் வளர்ந்த ஜே. பி. சந்திரபாபு, மேனாட்டு மலைவாழ் மக்களின் யோடலிங் முறையைத் தமிழ்த் திரைப்பாட்டில் கலந்து நம்மைச் சிரிக்கவும் சிந்திக்கவும் வைத்தார். பேராசிரியர் நா. வானமாமலை வயலிலும் தெருவிலும் ஒலித்த பாடல்களைத் தொகுத்து 1964இல் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' என்ற நூலைத் தந்தார். பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாவலர் வரதராசன் தம் தம்பியருடன் ஊர் ஊராகச் சென்று, உழவர் அறிந்த மெட்டுக்களில் பாடினார்.

அத்தம்பியருள் ஒருவர் 1960களின் இறுதியில் சென்னை சென்று, தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசையையும் கிட்டாரையும் முறையாகக் கற்றார். 1976இல் 'அன்னக்கிளி' வந்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. ஆம், இளையராஜாதான் அவர். பண்ணைப்புரத்து வயல்வரப்பில் கேட்ட பாட்டையும் டிரினிட்டி கல்லூரித் தேர்வுக்குப் பயின்ற கிட்டாரையும் ஒரே நெஞ்சில் வைத்திருந்தவர் அவர். கிட்டார் அவருடைய கிராமத்தைக் கெடுத்ததா, உலகுக்குக் காட்டியதா என்பதை வாசகர்களே கூறட்டும்.

அண்மைக் காலத்தில் நம் மாவட்டத்துக் களபம் ஊரைச் சேர்ந்த செந்தில் கணேஷ், தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் நாட்டுப்புறப் பாடல்களைப் பாடியே 2018இல் முதற்பரிசு வென்றார். திரைப்பாட்டு ஒன்றே பாட்டு என்றிருந்த மேடை அது! அதே ஆண்டு சென்னையில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்னும் குழு, கானாவையும் பறையையும் ராக் கிட்டாரையும் ஒருங்கே ஏற்றி, சாதி ஒழிப்பைப் பாடியது. ஆகவே, தப்பும் கிட்டாரும் சேருமா என்ற கேள்விக்கு மேடையிலேயே விடை கிடைத்துவிட்டது.

கஞ்சிரா தந்த புதுக்கோட்டை

இன்னும் தயங்குவோருக்கு நம் ஊர்ச் சான்று ஒன்று தருகிறேன். பெரிய கச்சேரிகளில் மிருதங்கத்துக்கு இணையாக இன்று வீற்றிருக்கும் கஞ்சிரா, ஒருகாலத்தில் பஜனை கோஷ்டியோடு தெருவில் தட்டப்பட்ட எளிய தோற்கருவியின் இனமே. அதைச் செம்மைப்படுத்திக் கர்நாடக இசை மேடையில் ஏற்றியவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. அவரும் தவில் கலைஞரிடம் தாளம் பயின்றவரே. அவருடைய மாணவர் தட்சிணாமூர்த்திப் பிள்ளையின் கைவண்ணத்தில் நம் ஊரின் பெயர் தென்னாடெங்கும் ஒலித்தது. பலாமர வளையம், உடும்புத் தோல், சில சல்லிகள் ஆகியவற்றைக் கொண்டது அக்கருவி. தப்புக்குத் தீ வேண்டும். கஞ்சிராவுக்கோ தண்ணீர் தெளிக்க வேண்டும். ஈரம் பட்டால் தோல் தளர்ந்து ஓசை கனக்கும். உடும்பு இன்று சட்டத்தால் பாதுகாக்கப்படும் உயிரினம் ஆதலால், ஆட்டுத் தோலும் செயற்கைத் தோலும் அவ்விடத்துக்கு வந்துவிட்டன. தோல் மாறியும் கஞ்சிரா கஞ்சிராவாகவே இருக்கிறது.

தெருக் கருவியை மேடையேற்றிய ஊர் இது. இங்கு இன்னொரு தோற்கருவி மட்டும் வெளியே நிற்பது ஏன்? விடை எல்லாருக்கும் தெரியும். அதைத் தொட்ட கைகள் எத்தெருவைச் சேர்ந்தவை என்பதுதான் விடை.

தப்பும் தன்மானமும்

என் தாத்தா தப்படித்தவர். ஊரில் இழவு விழுந்தால் ஆள் வரும். உடல்நலம் இல்லை என்று கூறவும் அவருக்கு உரிமை இல்லை. கூலி என்ன என்று கேட்கவும் உரிமை இல்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டு வரவேண்டும். என் தந்தை அதை விட்டொழித்துக் கொத்து வேலைக்குச் சென்றார். தாத்தாவின் தப்பு பரணில் ஏறியது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை முதலில் மிதித்தவன் நான். இவ்வாறு தப்பைத் துறந்த குடும்பங்கள் தமிழகத்தில் ஏராளம். அவர்கள் கலையை அவமதிக்கவில்லை, அடிமைத்தனத்தை மறுத்தார்கள். அம்மறுப்பை நான் தலைவணங்கி ஏற்கிறேன்.

இதற்கு ஒப்பானது அமெரிக்காவிலும் நடந்தது. 1960களில் வெள்ளை இளைஞர் புளூஸ் பாடகர்களைத் தேடித் தேடி மேடையேற்றியபோது, கறுப்பின இளைஞர் பலர் அப்பாட்டை விட்டு விலகிச் சோல் என்னும் புதுப் பாட்டின் பக்கம் சென்றனர். புளூஸ் அவர்களுக்குப் பருத்திக் காட்டையும் சவுக்கையும் நினைவூட்டியது. அவர்களைக் குறைகூற நாம் யார்?

எனினும் நண்பர்களே, விட்டொழித்தபின்னும் அவமதிப்பு நம்மை விடவில்லை. சென்ற ஆண்டு வேறொரு கல்லூரியில் நடந்த போட்டிக்கு நானும் நண்பர்கள் மூவரும் சென்றிருந்தோம். நடவுப் பாட்டு ஒன்றைக் கிட்டாரும் தப்புமாகப் பாட எண்ணினோம். பாட்டு என் அப்பத்தா கற்றுத் தந்தது. பெயர் பதியும் மேசையில் இருந்தவர் எங்கள் கையிலிருந்த தப்பைப் பார்த்துவிட்டு, "கிட்டார் மட்டும் உள்ளே போகலாம், சாவு மேளத்துக்கு இங்கு இடமில்லை" என்றார். கிட்டார் வைத்திருந்த நண்பரும் எங்களுடனே வெளியே வந்துவிட்டார். அந்த நட்பை என்றும் மறவேன்.

நடந்ததை வீட்டில் சொன்னபோது அப்பத்தா, "பாட்ட வேணாம்னாங்களா, தப்ப வேணாம்னாங்களா?" என்று கேட்டார். பாட்டு வேண்டும், தப்பு வேண்டாம் என்பதுதான் அவர்கள் நிலை. பாட்டு வேண்டும், பாடியவர் பெயர் வேண்டாம் என்ற இசைத்தட்டின் நிலையும் இதுவன்றோ? தந்தை நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அடிக்கிறதுன்னா வரலைன்னு சொல்லக்கூடிய எடத்துல மட்டும் அடி" என்றார். எந்த ஆய்வு நூலிலும் இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் படித்ததில்லை. மறுக்கும் உரிமை இல்லாதபோது அது ஊழியம். அவ்வுரிமை இருந்தால் அது கலை. மதுரை வேலு ஆசானுக்குப் பறையிசைக்காக 2025இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. விருது பெறுகிறவர், அழைப்பை ஏற்கவும் மறுக்கவும் வல்ல கலைஞர். அந்த உயரத்திலிருந்து தப்பு ஒலிக்கட்டும் என்றே நான் கேட்கிறேன்.

நாம் செய்யத்தக்கவை

குறை கூறுவது எளிது. வழி கூறுவதே கடமை. ஆசிரியப் பெருமக்களும் மாணவத் தோழர்களும் எண்ணிப் பார்க்க நான்கு கருத்துக்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, நம் கல்லூரி ஆண்டு விழாப் போட்டிகளில் நாட்டுப்பாடலுக்குத் தனிப் பிரிவு வேண்டும். அதில் தப்பு, உறுமி, கிட்டார், கீபோர்டு என எக்கருவிக்கும் தடை கூடாது.

இரண்டாவது, பாடுவோர் பாடத் தொடங்குமுன் அப்பாட்டை யாரிடம் கற்றார், அவர் எவ்வூரார் என்பதை மேடையில் கூற வேண்டும். கூறாதவருக்கு மதிப்பெண் குறைத்தாலும் தவறில்லை. ஜார்ஜியா டர்னருக்கு நேர்ந்தது நம் அப்பத்தாக்களுக்கு நேரக்கூடாது.

மூன்றாவது, நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக ஏழு நாட்கள் கிராமத்தில் தங்குகிறோம். சாலையைச் செப்பனிடுகிறோம், மரக்கன்று நடுகிறோம். மாலையில் ஒரு மணி நேரம் முதியோரிடம் அமர்ந்து, அவர் இசைவு பெற்று, நடவுப் பாட்டையும் தாலாட்டையும் ஒப்பாரியையும் பதிவு செய்யலாமே! லோமாக்ஸ் பெரிய கருவியைக் காரில் ஏற்றிச் செல்ல வேண்டியிருந்தது. நமக்கு அத்தொல்லை இல்லை. கைப்பேசி சட்டைப் பையிலேயே இருக்கிறது. பாடியவர் பெயர், ஊர், தொழில், நாள் ஆகியவற்றோடு அப்பதிவுகள் நம் நூலகத்தில் இருக்குமானால், நாளை கிட்டார் எடுக்கும் தம்பிக்கும் தங்கைக்கும் திரைப்பாட்டைத் தவிர வேறு பாட்டும் கிடைக்கும்.

நான்காவது, தப்புக் கலைஞரை விழாவுக்கு அழைத்தால், வாயிலில் நின்று விருந்தினரை வரவேற்று அடித்துவிட்டுப் போகச் சொல்வதோடு நிறுத்தக்கூடாது. அவர்களுக்கும் மேடையில் அரைமணி நேரம், அமர இருக்கை, பேசிய ஊதியம், பெயர் சொல்லி அறிமுகம் ஆகியவை வேண்டும். மெல்லிசைக் குழுவுக்கு எவையெல்லாம் உண்டோ அவையெல்லாம் வேண்டும்.

இவற்றுள் எதற்கும் பெரும் பொருட்செலவு இல்லை. மனம் ஒன்றே வேண்டும்.

நம் மாவட்டத்துக் குடுமியான்மலைக்குச் சென்றவர்கள் அங்குள்ள இசைக் கல்வெட்டைக் கண்டிருப்பார்கள். ஏழாம் நூற்றாண்டில் சுரக்கோவைகளை வரிசை வரிசையாகப் பாறையில் பொறித்து வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் உளி கொண்டு இசையைக் காத்த மண்ணில் வாழும் நாம், வயலில் பாடும் ஒரு மூதாட்டியின் பெயரை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்கக் கூடாதா? எழுதுவோம். பிறகு கிட்டாரை மீட்டுவோம். விரும்பியவர் தப்பை முழக்குவோம். இரண்டின் ஓசையும் இவ்வாண்டு விழா அரங்கில் ஒருசேர எழும் நாளை எதிர்நோக்குகிறேன்.